முதல், வட்டி, மட்டி!

கொல்லம் போகிற தமிழர்கள் முதலில் இரண்டு வார்த்தைகளுக்குச் சிரிப்பை அடக்கப் பழக வேண்டும்.

ஒன்று, அஷ்டமுடி. (உங்கள் ஆபீஸ் மேனேஜரின் தலை ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல!) எட்டுக் கிளையாகப் பிரிந்து கிடக்கிற காயல் என்பதால் அந்தப் பெயர். இரண்டாவது, கக்கா. நம் வீட்டில் குழந்தை இதைச் சொன்னால் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடுவோம். அங்கே கள்ளுக் கடையில் தேங்காய் போட்டு வதக்கி, தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். பதறாதீர்கள் சார், நாம் மட்டி என்கிறோமே, அதேதான்!

கொல்லத்திலிருந்து வடக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நீண்டகரைப் பாலம். இடது பக்கம் அரபிக் கடல், வலது பக்கம் காயல். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற இந்த முகத்துவாரத்தை ஒட்டிய மணல் திட்டுகளில்தான் பூவன் கக்கா புதைந்து கிடக்கிறது. தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து வள்ளங்கள் கிளம்புகின்றன. ஆழம் குறைந்த இடத்தில் முங்கிக் கையால் அள்ளுகிறார்கள். ஆழமான இடத்தில் நீளக் கழியின் நுனியில் இரும்புச் சட்டம், அதற்குப் பின்னால் வலைப்பை. வள்ளத்தில் நின்றபடி தரையை வாரி இழுக்க வேண்டும். பத்து நிமிஷம் பார்த்தாலே நமக்குத் தோள்பட்டை வலிக்கிறது.

கரையில் அண்டா தயார். வெந்தால் ஓடு வாய் திறக்கும். சல்லடையில் போட்டு ஆட்டினால் சதை தனி, ஓடு தனி. ஓட்டையும் விடுவதில்லை, சுண்ணாம்புக்குப் போகிறது. அள்ளுவது, பிரிப்பது, விற்பது என்று சுமார் 3,000 பேர் இதை நம்பி வாழ்ந்த தொழில் இது.

எண்பதுகளில் வியட்நாம், தாய்லாந்து, மலேசியாக்காரர்களுக்கு இதன் ருசி பிடித்துப் போனது. அப்புறம் கேட்க வேண்டுமா? 1991-ல் 10,000 டன் அள்ளினார்கள். 1993-ல் அது பாதியாகச் சரிந்தது. வட்டியோடு நிறுத்தாமல் முதலிலும் கை வைத்தால் பாஸ்புக் என்ன கதிக்கு ஆளாகுமோ, அதே கதி.

அப்போதுதான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சொன்ன யோசனைப்படி சட்டதிட்டம் வந்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளக் கூடாது. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏற்றுமதியாகிற சதையில் கிலோவுக்கு 1,400 உருப்படிக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால், பிஞ்சையும் சேர்த்து அள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம்!

வள்ளத்துக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "மூணு மாசம் தொழில் இல்லேன்னா அடுப்பு எரியணுமே சேட்டா?"

"வேற மீன் பிடிக்கும் சாரே. கக்காவுக்கு அது பிரசவ சமயம். அப்பப் போய் வாரினா, அடுத்த வருஷம் வலையில வெறும் சேறுதான்!"

பி.காம். மூன்று வருஷம் படித்ததை மனிதர் மூன்று வரியில் முடித்துவிட்டார்.

பத்து வருஷத்துக்குள் மறுபடி 10,000 டன். 2014-ல் 'மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்' என்ற சர்வதேச அமைப்பு, அளவறிந்து பிடிக்கிறவர்கள் என்று சான்றிதழ் கொடுத்தது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடித் தொழில் இதுதான்.

இங்கே 'சுபம்' போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த பத்து வருஷத்துக்குள் பிடிப்பு 1,000 டன்னுக்கும் கீழே போய்விட்டது. இந்த முறை காரணம் பேராசை இல்லை. பருவநிலை மாற்றம் ஒன்று. காயலில் கலக்கிற கழிவு ஒன்று. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொண்ட அந்நியச் சிப்பி ஒன்று. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் 'வரத்தன் கக்கா'.

யோசித்துப் பாருங்கள். தன் வலைக்கண்ணை அளந்து வாங்கியவன், மூன்று மாசம் வருமானத்தை விட்டுக்கொடுத்தவன், அவன் வீட்டில்தான் நஷ்டம். சாக்கடையைத் திருப்பிவிட்டவனுக்கு டிசம்பர் விடுமுறையும் கிடையாது, 1,400 கணக்கும் கிடையாது!

2024 ஜனவரியில் அதே ஆராய்ச்சி நிலையம், விழிஞ்ஞத்தில் பொரிக்க வைத்து வளர்த்த 30 லட்சம் கக்காக் குஞ்சுகளைக் கொண்டுவந்து அஷ்டமுடியில் விட்டது. புது டெபாசிட்! வள்ளத்துக்காரர்கள் இதன் முதலில் கை வைக்க மாட்டார்கள், அவர்களுக்குக் கணக்குத் தெரியும். கரையில் இருக்கிற நமக்குத்தான் யாராவது டியூஷன் எடுக்க வேண்டும்.