இந்திரகோபம் தேடி அழகர்மலைக்கு

அழகர்கோவில் என்றதும் பத்திரிகைகளுக்கு நினைவு வருவது சித்திரை மாதப் படங்கள்தாம். வைகைக் கரை நிறைய மனிதத் தலைகள், நடுவில் தங்கக் குதிரையில் கள்ளழகர், தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர், அவர் அந்த வருஷம் உடுத்திவந்த பட்டின் நிறம். அந்தப் படங்களை நானும் ஆசை ஆசையாக எடுத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சில நாட்கள் போக மீதி வருஷம் முழுக்க அழகர் தன் மலையடிவாரத்தில்தான் இருக்கிறார். அங்கே வெயிலும் மழையும் பனியும் முறைவைத்து வந்து போகின்றன. கேமராவுக்கும் கவிதைக்கும் வேண்டியதெல்லாம் கூட்டமில்லாத அந்த மாதங்களில் கொட்டிக் கிடக்கிறது.

இதை எனக்குக் கற்றுத்தந்தவள் ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் 143 பாடல்களில் 9ஆம் திருமொழி திருமாலிருஞ்சோலைக்கு, அதாவது இந்த அழகர்மலைக்கு உரியது. பத்தே பாட்டு. மலையின் உயரத்தையோ கோவிலின் பெருமையையோ முதலில் சொல்லியிருக்கலாம். அவள் தரையில் ஊரும் பூச்சியில் தொடங்குகிறாள். கார்காலத்தில் சோலை முழுதும் செக்கச் செவேலென்று பரவிக் கிடக்கும் இந்திரகோபங்கள். குனிந்து பார்க்காத ஒருத்தியால் இப்படித் தொடங்கவே முடியாது. அவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, இந்த மலைக்கு நேரில் வந்தாளோ, தந்தை பெரியாழ்வார் சொல்லக் கேட்டாளோ, அது எனக்கு முக்கியமில்லை. பூச்சியைப் பார்த்தவள் அவள், அது போதும்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள். முந்தின இரவு இடியோடு மழை கொட்டித் தீர்த்திருந்தது. மதுரையில் விடிகாலைப் பேருந்தில் ஏறிக்கொண்டேன். புதூர், மூன்றுமாவடி தாண்டிக் கடச்சனேந்தல் வரும்போது ஊர் இறங்கி வயல் ஏறுகிறது. கிழக்கே யானைமலை ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. மதுரைக்காரர்கள் எல்லோரும் அதைப் பக்கவாட்டில் பார்த்துப் படுத்திருக்கும் யானை என்று அடையாளம் கண்டு பழகியவர்கள். மதராஸ் மாகாண அரசு 1856இல் தன் புகைப்படக்காரராக அமர்த்திய கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1858இன் தொடக்கத்தில் மதுரைக்கு வந்து அந்த மலையைப் படமெடுத்தார். அவர் எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, மலையை அதன் முனைப்பக்கமாக நின்று எடுத்த படம். மெழுகு பூசிய காகித நெகட்டிவில், நெடுநேரம் ஒளி பாயவிட்டு எடுக்கும் முறை அது. குறுக்கே நடந்துபோகும் ஆள் அதில் பதியமாட்டான், மலை மட்டும் பதியும். ஊரே ஒரு பக்கமிருந்து பார்க்கும் பொருளை மறு பக்கம் போய்ப் பார்க்க அவருக்குத் தோன்றியதே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கள்ளந்திரியில் பெரியாறு பிரதானக் கால்வாய் குறுக்கிடுகிறது. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலை தாண்டி இத்தனை தூரம் வந்து இந்த வயல்களைப் பச்சையாக்குகிறது. சாலையின் இரு பக்கமும் மண்டகப்படி மண்டபங்கள். சித்திரையில் அழகர் ஒவ்வொன்றிலும் நின்று மரியாதை வாங்கிக்கொண்டு போவார். மற்ற நாட்களில் அவற்றில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் படம் எடுப்பதில்லை. அன்று ஒரு மண்டபத்தில் சீருடைப் பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்கு நின்றார்கள். இன்னொன்றில் நனைந்த நெல் மூட்டைகளைப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தார் ஒருவர். அடுத்ததில் ஒரு கன்றுக்குட்டி, சாமி நிற்கும் அதே இடத்தில். ஒரு வருஷம் முழுக்க இந்த மண்டபங்களை மட்டும் தொடர்ந்து எடுத்தால், இந்தச் சாலையின் வாழ்க்கை வரலாறே கையில் இருக்கும்.

அழகர்கோவிலில் இறங்கும்போது மறுபடி தூறல். ஓடிப்போய் நான் ஒதுங்கியது பதினெட்டாம்படிக் கருப்பசாமி சந்நிதியில். சிலை கிடையாது. பெரிய கோபுர வாசலின் சாத்திய கதவுகளே அங்கே சாமி. கதவு நிறையச் சந்தனம், மாலை. நேர்த்திக்கடனாக வந்து சேர்ந்த அரிவாள்கள் ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கின்றன. உள்ளே கருவறையில் கேமரா கூடாது, வெளியே இந்தக் கதவைப் படமெடுக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு அன்று எழவில்லை. பக்கத்தில் நின்ற ஒன்றுதான் காரணம். நோட்டை எடுத்து எழுதினேன்:

மழைக்கு ஒதுங்கி நிற்கிறோம்
கருப்பன் வாசலில்
நானும் ஒரு கிடாயும்.
அதன் கழுத்தில் மாலை.

அதைப் படமாக எடுத்திருந்தால் ஒரு கிடாயும் ஒரு கதவும் கிடைத்திருக்கும். நாங்கள் இருவரும் ஒரே மழைக்கு ஒதுங்கினோம் என்பது கிடைத்திருக்காது. எதைப் படமெடுப்பது, எதை எழுதுவது என்று நான் இப்படித்தான் முடிவுசெய்கிறேன். சொல்லைச் சுருக்கும் இந்தப் பழக்கத்தை நம்மவர்களுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர்களில் பாரதியும் ஒருவர். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தவர், 1916 அக்டோபரில் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம் பக்கத்து ஹைக்கூக்காரர்கள் அந்தக் கட்டுரையை இன்றும் தேடிப் படிப்பது நியாயம்தான்.

தூறல் விட்டதும் பழமுதிர்சோலைக்குப் போகும் மலைப்பாதையில் நடந்தேன். வேன்கள் விரைந்து ஏறிக்கொண்டிருந்தன. சாலையை விட்டுப் பத்தடி விலகினால் வேறு உலகம். புல் முளைக்காத செம்மண் திட்டு ஒன்றில் முதல் இந்திரகோபம், ஊரார் பட்டுப்பூச்சி என்பது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று, அப்புறம் பாறைக்கு அடியில் ஐந்தாறு. கண் பழகியபின் அந்தத் திட்டே நகர்வதுபோல் தெரிந்தது. எட்டுக் கால் இருப்பதால் இதைப் பூச்சி என்பதைவிடச் சிலந்தியின் உறவு என்பதே சரி. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, நல்ல மழை பெய்த மறுநாள் மேலே வந்து, சில மணி நேரம் இரை தேடித் திரிந்து, மறுபடி மண்ணுக்குள் போய்விடுகிறது.

வயிறு ஈரமண்ணில் பதியப் படுத்துக்கொண்டு லென்ஸை நெருக்கினேன். சிவப்பு, டிஜிட்டல் கேமராவுக்குச் சோதனையான நிறம். கொஞ்சம் ஒளி கூடினாலும் அந்த வெல்வெட் மயிர் அத்தனையும் ஒன்றாக அப்பிக்கொண்டு, வெறும் சிவப்புப் புள்ளிதான் மிஞ்சும். ஒளியளவைச் சற்றுக் குறைத்து, மேகம் சூரியனை மூடும்வரை பொறுத்திருந்தால் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக நிற்கும். மேகத்துக்காக அப்படிக் காத்துக் கிடக்கையில், ஆடு மேய்த்துக்கொண்டு வந்த வயதான அம்மா ஒருவர் அருகில் வந்து நின்றார்.

“என்ன தம்பி, கீழ படுத்துக் கெடக்க? எதையும் தொலச்சிட்டியா?”

“இல்ல ஆத்தா, பட்டுப்பூச்சி பாக்குறேன்.”

“இப்பவே பாத்துக்க. வெயில் ஏறுச்சுன்னா மண்ணுக்குள்ள போயிரும். சின்னப் பிள்ளையில தீப்பெட்டிக்குள்ள புல்லப் போட்டு, இதப் பிடிச்சு வச்சு வெளாடுவோம். அப்பல்லாம் இந்தத் தரையே தெரியாது.”

தரையே தெரியாத அளவுக்குச் சிவப்பு! ஆண்டாள் பார்த்ததும் அதுதான். காலத்தை 8ஆம் நூற்றாண்டையொட்டிப் பலரும் சொல்லும் ஒரு பாட்டுக்கு, ஆடு மேய்க்கும் அம்மா சாட்சி சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பத்துப் பாட்டையும் கையில் வைத்துக்கொண்டு மலையைச் சுற்றினால் இன்னொன்று புரிகிறது. இந்திரகோபம், முல்லை, கருவிளை எனப்படும் நீலச் சங்குப்பூ, காயாம்பூ, களாக்கனி, குயில், மயில், தாமரைக் குளம், தொங்கும் கொன்றைச் சரம், விடியலில் பாடும் கரிய குருவி. எல்லாம் ஒரே நாளில் கண்ணில் படுபவை அல்ல. கொன்றையைச் சித்திரை வைகாசியில் வந்துதான் எடுத்தேன். குயிலின் குரல் கோடையில். இந்திரகோபம் மழையில். கரிய குருவியைக் கரிச்சான் என்றே நினைக்கிறேன். இருட்டு பிரியுமுன் அதுதான் முந்திக்கொண்டு பாடுகிறது. ஒரு முழு வருஷத்தைப் பத்துப் பாட்டில் அடக்கிவிட்டாள் என்பது என் வாசிப்பு. காலத்தையும் இடத்தையும் முதற்பொருள் என்று வைத்து, ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்த மரபில் வந்தவளுக்கு அது இயல்பாகவே வந்திருக்கும்.

அழகான பொருட்களின் பட்டியலாக அதை விட்டுவிடவும் இல்லை அவள். அந்தக் கருநீலப் பூக்களையும் கனியையும் குயிலையும் மயிலையும் பார்த்துப் பெரும் பாதகம் செய்தவர்களே என்று திட்டுகிறாள். திருமாலின் நிறத்தை நீங்கள் ஏன் வைத்துக்கொண்டு என்னை வாட்டுகிறீர்கள் என்பது வழக்கு. கரிய குருவிகள் அவன் வரவைச் சொல்லிப் பாடும்போது, இது நிஜம்தானா என்று சந்தேகப்படுகிறாள். இந்தக் கோபமும் சந்தேகமும் இல்லாவிட்டால் அது தாவரப் பட்டியல். இன்று கைப்பேசியில் பூவும் பனித்துளியும் எடுத்துக் குவிக்கிற நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. படம் தெளிவாக இருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது. எடுத்தவருக்கு அந்தப் பூவோடு என்ன பேச்சு என்பது மட்டும் படத்தில் இல்லை. பார்த்தவரின் ஏக்கமோ ஆத்திரமோ நன்றியோ ஒரு துளி உள்ளே இறங்கினால்தான் அது நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

மேலே பழமுதிர்சோலை முருகனைக் கும்பிட்டுவிட்டு நூபுர கங்கைக்குப் போனேன். இதைத்தான் பழைய நூல்கள் சிலம்பாறு என்கின்றன. பரிபாடலின் 15ஆம் பாடல் இந்த ஆற்றையும் மலையையும் பாடி, மனைவியோடும் பெற்றோரோடும் கைக்குழந்தையோடும் அந்தத் திசையைத் தொழுது போங்கள் என்கிறது. ஐப்பசியில் தைலக்காப்பு உற்சவத்தின்போது அழகர் மலையேறி இந்தத் தீர்த்தத்துக்கு நீராட வருவார். சித்திரையில் கீழே வைகைக்கு, ஐப்பசியில் மேலே சுனைக்கு. முதல் பயணத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள். இரண்டாவதற்குச் சுற்றுக் கிராமத்தார்தான் அதிகம். பல்லக்கோடு கூடவே நடக்கலாம், முகங்களை நிதானமாகப் பார்க்கலாம். இந்தக் கிராமத்து மக்களுக்கும் கோவிலுக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்ள, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஆய்வைப் படியுங்கள். அதைப் படித்த பிறகு கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே மாறிவிடும்.

இறங்கி வந்து, முழு உளுந்தும் மிளகும் சுக்கும் சேர்த்து நெய்யில் வேகும் கோவில் தோசை ஒன்றை வாங்கிக்கொண்டு பேருந்துக்கு நின்றேன். மெமரி கார்டில் இருந்த படங்களைவிட நோட்டில் இருந்த குறிப்புகள் அதிகம்: எந்தத் திட்டு, எந்த நேரம், முந்தின இரவு மழை எவ்வளவு நேரம், ஆத்தா சொன்னது என்ன. அடுத்த வருஷம் அதே திட்டில் பூச்சி குறைந்ததா கூடியதா என்று சொல்ல இந்தக் குறிப்பு உதவும்.

நீங்களும் ஓர் ஐப்பசியில் போங்கள். இரவு நல்ல மழை பெய்த மறுநாள், வெயில் ஏறுமுன் மலையடிவாரத்தில் இருக்கப் பாருங்கள். நாச்சியார் திருமொழியின் 9ஆம் திருமொழியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக் கேமராவே போதும். பூச்சியைக் கையில் எடுக்காதீர்கள், தீப்பெட்டியில் அடைக்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.