நூற்றிருபதில் ஒன்று

கரூரில் கொசுவலைக்கு நூல் இழுக்கும் கூடம் ஒன்றில் ஒருநாள் நடுப்பகலில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா மகன் அங்கே சூப்பர்வைசர். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தேன். "ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சிருமுங்ண்ணா, அதுவரைக்கும் இப்படி உட்காருங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுப் போனான். பேச ஆளில்லை, இருந்தாலும் பேச முடியாது. கூடத்தின் கடைசியில் நூல் சுற்றும் இயந்திரங்கள் போடும் இரைச்சலில் அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. கையைத் தூக்கினால் ஒரு அர்த்தம், இரண்டு விரலை மடக்கினால் இன்னொரு அர்த்தம். கொஞ்ச நேரத்தில் எனக்கே பாதி புரிய ஆரம்பித்தது.

நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா கைத்தறியில் படுக்கை விரிப்பு நெய்தார். நூல் என்றால் எனக்குப் பஞ்சு, கஞ்சி, வெயிலில் காயும் பாவு. பஞ்சும் இல்லாமல் முறுக்கும் இல்லாமல் நூல் பிறப்பதை அன்றுதான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

கூடத்தின் தலைமாட்டில் ஒரு பெரிய புனல். அதில் ஜவ்வரிசி மாதிரி வெள்ளைக் குருணை கொட்டிக் கிடக்கிறது. அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். இவர்கள் வாயில் எச்டி. வலை நீல நிறம் என்பதால் அதோடு கொஞ்சம் நீலக் குருணையும் சேர்கிறது. 1953-ல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர், பெரிய அழுத்தம் எதுவும் இல்லாமலே எத்திலீன் வாயுவை நீண்ட நீண்ட சங்கிலிகளாகக் கோக்க வழி கண்டபோது வந்த பொருள் இது. அந்தச் சங்கிலிதான் இங்கே எல்லாம். புனலுக்குக் கீழே நீண்ட இரும்புக் குழல், அதற்குள் திருகாணி மாதிரி ஒரு தண்டு சுழல்கிறது. குழலைச் சுற்றிச் சூடேற்றும் பட்டைகள். பட்டைக்குப் பட்டை சூடு ஏறிக்கொண்டே போவது பெட்டியில் சிவப்பு எண்களாகத் தெரிகிறது. குருணை உருகி, அழுந்தி, சல்லடையில் வடிந்து, துளையிட்ட தகட்டின் வழியாக இறங்குகிறது. மெழுகுவத்தியை அணைத்த கையோடு வருமே, அந்த வாசனை.

"சந்தகை பிழியற மாதிரிதாங்ண்ணா" என்று போகிற போக்கில் தம்பி காதருகே கத்திவிட்டுப் போனான். கொங்கு நாட்டில் யாருக்கும் முதலில் தோன்றும் உவமை அதுதான். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் சந்தகை பிழிந்ததோடு வேலை முடிந்தது. தேங்காய்ப் பாலோ, எலுமிச்சையோ, தட்டுக்குப் போய்விடும். இங்கே பிழிந்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது.

துளைத் தகட்டிலிருந்து இறங்கும் இழைகள் ஒரு சாண்கூட காற்றில் நிற்பதில்லை; நேரே கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் போகின்றன. உள்ளே போகும்போது கண்ணாடி போல இருந்தவை வெளியே வரும்போது பால் படர்ந்து மங்கலாகின்றன. அங்கிருந்து உருளைகள்; மெதுவாகத்தான் சுற்றுகின்றன. பிறகு ஆவி பறக்கும் வெந்நீர்த் தொட்டி. அதைத் தாண்டி இன்னொரு வரிசை உருளைகள். இவை முதல் வரிசையைவிட எட்டு, ஒன்பது மடங்கு வேகம். இரண்டு வரிசைகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட இழைக்கு நீளுவதைத் தவிர வேறு வழியில்லை. வெந்நீருக்குள் குனிந்து பார்த்தால் தெரியும்: தடியாக வரும் இழை ஓரிடத்தில் சட்டென்று கழுத்துப் போல ஒடுங்கி, அதற்கப்புறம் மெல்லிசாகவே போகிறது. இழை ஓடிக்கொண்டே இருக்கிறது, கழுத்து மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த ஒரு விரற்கடை தூரத்தைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே கழிவுக் கூடையில் இன்னும் இழுபடாத இழைத் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்து இரு கையாலும் இழுத்தேன். முதலில் பிடிவாதம். பிறகு நடுவில் ஓரிடம் மனம் இளகியது போல விட்டுக்கொடுத்தது. அங்கே மெலிந்து வெளுத்து, மெலிவு இரு பக்கமும் பரவியது. கை அகலம் போதவில்லை. முழுக்க மெலிந்த பிறகு இழுத்தால் விரலைத்தான் அறுக்கிறது, இழை அசைய மறுக்கிறது. அதே பிளாஸ்டிக்தான், கூட ஒன்றும் சேர்க்கவில்லை. கலைந்து சுருண்டு கிடந்த சங்கிலிகள் ஒரே திசையில் நிமிர்ந்து படுத்துவிட்டன, அவ்வளவே.

இதே விளையாட்டை 1930-ல் அமெரிக்காவின் வில்மிங்டன் நகரில், டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் ஜூலியன் ஹில் என்ற வேதியியலாளர் விளையாடியிருக்கிறார். வாலஸ் கரோதர்ஸின் குழுவில் இருந்தவர். கண்ணாடிக் குச்சியை உருகிய பாலிஎஸ்டரில் தோய்த்துத் தூக்கினார், இழை வந்தது. அது ஆறிய பிறகும் இழுத்தால் நீண்டது, நீண்டதும் வலுத்தது, பட்டுப் போல மின்னியது. நடைக்கூடம் முழுக்க அதை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். அந்த முதல் இழை சீக்கிரம் உருகிவிடும் என்பதால் துணிக்கு உதவவில்லை. 1935 பிப்ரவரி 28 அன்று அதே குழுவிடமிருந்து நைலான் வந்தது. முதலில் கடைக்குப் போனது, எல்லோரும் நினைப்பது போலக் காலுறை அல்ல, 1938-ல் பல்துலக்கும் பிரஷ்ஷின் மயிர். அதுவும் ஒற்றை இழைதான். என் முன்னால் ஓடும் இந்த நீல இழைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை.

தகட்டில் நூற்றிருபது துளை என்று தம்பி விரலால் காட்டியிருந்தான். நூற்றிருபது இழைகளும் சீப்பின் பற்களுக்கிடையே பிரிந்து பிரிந்து ஓடுகின்றன. ஓட்டம் தெரிவதில்லை; நீலக் கோடு போட்ட நோட்டுத்தாளை விரித்து வைத்தது போல அசையாமல்தான் தெரிகிறது. திடீரென்று அதில் ஒரு கோடு காணாமல் போனது. எனக்குத் தெரியவில்லை. அந்த அக்காவுக்குத் தெரிந்தது.

நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. அதுவரை சுவரோரம் நின்று எங்கேயோ பார்ப்பது போலத்தான் இருந்தார். இரண்டு எட்டில் தொட்டிக்கு வந்துவிட்டார். தகட்டுக்கு அடியில் ஒரு துளையிலிருந்து இறங்கியது இழுக்க ஆளில்லாமல் சுருண்டு சுருண்டு தண்ணீரில் மொட்டு மாதிரி சேர்ந்துகொண்டிருந்தது. கம்பிக் கொக்கியால் அதைத் தூக்கினார். கட்டியைக் கிள்ளி எறிந்தார். நுனியைப் பக்கத்து இழையோடு சேர்த்து ஒரு சுற்று. பக்கத்து இழை அதைக் கூட்டிக்கொண்டு போகிறது. கைக்குழந்தையைத் திருவிழாக் கூட்டத்தில் கூட்டிப் போகிற மாதிரி. உருளை, வெந்நீர், மறுபடி உருளை, கடைசியில் சீப்பு. அதற்குள் அவரும் அந்தப் பக்கம் போய்விட்டார். சேர்ந்து வந்ததை நகத்தால் பிரித்து, அதற்கான பல்லில் விட்டு, அதற்கான பாபினில் ஏற்றினார். ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா என்பது சந்தேகம்.

அம்மா பாவு பிணைக்கும்போது விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வாள். பழைய பாவின் நுனியும் புதிய பாவின் நுனியும் அந்தச் சாம்பலில் முறுக்கிக்கொண்டு ஒன்றாகிவிடும். இந்த அக்கா தொட்டுக்கொள்வது தண்ணீர். வழுவழுப்பான இந்த இழை சாம்பலுக்கு மசியாது. விரல் போகும் போக்கு மட்டும் அதே போக்கு. முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் வெந்து ஆறிய தழும்பு இருந்தது. சூடான தகட்டுக்கு அடியில் தினமும் கையை நீட்டுகிறவருக்கு நீளமான கையுறை கொடுத்திருக்க வேண்டும். கொடுத்ததாகத் தெரியவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இழை ஏன் அறுகிறது? சல்லடையில் தப்பிய ஒரு தூசு போதும், சரியாக உருகாத ஒரு பொட்டு போதும். நூற்றிருபதில் ஒன்று அறுந்தால் ஒரு பாபின் நிற்கும். பாபின் நின்றால் பாவில் ஒரு இழை குறையும். இந்த வலை ஊடை கிடையாத வலை. பாவு இழைகளே ராஷல் இயந்திரத்தில் ஒன்றுக்குள் ஒன்று கண்ணி போட்டுக்கொண்டு போகும். ஒரு இழை இல்லை என்றால் நீள நெடுக ஓட்டை. கொசுவுக்கு அது வாசல்.

மூலையில் தடுப்புக்குள் சின்ன மேஜை, அதில் ஒரு கைச்சக்கரம், ஒரு துல்லியத் தராசு. ஒரு பையன் பாபினிலிருந்து தொண்ணூறு மீட்டர் நூலைச் சுற்றி எடுத்துத் தராசில் வைக்கிறான். வந்த கிராமை நூறால் பெருக்கி நோட்டில் எழுதுகிறான். ஒன்பதாயிரம் மீட்டர் நூலின் எடை கிராமில் எத்தனையோ அத்தனை டெனியர். தொண்ணூறு மீட்டர் ஒன்றரை கிராம் என்றால் நூற்றைம்பது டெனியர். பஞ்சு நூலில் நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. இங்கே எண் கூடினால் நூல் தடிமன். அப்பா இருந்திருந்தால் இந்தத் தலைகீழ்க் கணக்கை ரசித்திருப்பார்.

அந்த அக்கா பிணைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிணைக்க ஆளே இல்லாத இன்னொரு கூடம் ஞாபகத்துக்கு வந்தது. கோவைக்குப் பக்கத்தில், சில மாதங்களுக்கு முன்னால், ஒரு நண்பரோடு போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது. நான்வோவன் ஓட்டும் இடம். நெய்யாத துணி. நம் ஊரில் அந்தப் பேரைச் சொல்லும்போதே தறிக்காரன் வயிற்றில் ஏதோ செய்யும்.

அங்கே குருணை பாலிபுரொப்பிலீன். சீக்லரின் வழியிலேயே 1954-ல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா கொண்டுவந்தது; இருவருக்கும் சேர்த்து 1963-ல் நோபல் பரிசு. உருக்கிப் பிழிவது வரை இரண்டு இடத்திலும் ஒரே கதைதான். துளைகள் மட்டும் நூறுகளில் இல்லை, ஆயிரக்கணக்கில். தண்ணீர்த் தொட்டியும் கிடையாது, இழுக்கும் உருளையும் கிடையாது. குளிர்ந்த காற்று பக்கவாட்டில் வீசி ஆற்றுகிறது. இழுப்பதும் காற்றுதான். குறுகலான வழியில் கீழ்நோக்கிப் பாயும் காற்று, இழையை நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான மீட்டர் வேகத்தில் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. கரூரில் கண்ணால் பார்த்த கழுத்தை அங்கே பார்க்கவே முடியாது. இழையே தெரிவதில்லை, தலைமயிரில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு தடிமன். புகை இறங்குவது போலத்தான் இருந்தது.

அந்தப் புகை ஓடிக்கொண்டிருக்கும் வலைப்பட்டையின் மேல் விழுகிறது. பட்டைக்கு அடியிலிருந்து உறிஞ்சும் காற்று அதை விழுந்த இடத்திலேயே அமுக்கிப் பிடிக்கிறது. எந்த இழை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. பாவும் இல்லை, ஊடையும் இல்லை. மாசி மாத அதிகாலைப் பனி புல்லில் விழுவது மாதிரி ஒரு படிவு. அடுத்து இரண்டு சூடான உருளைகள். ஒன்றில் சின்னச் சின்னப் புள்ளிகள் புடைத்திருக்கின்றன. புள்ளி அமுங்கும் இடத்தில் மட்டும் இழைகள் உருகி ஒட்டுகின்றன. மளிகைக் கடை நான்வோவன் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வரிசையாகத் தெரியும் அந்தப் புள்ளிகள்தான் அதன் முடிச்சுகள். அங்கே டெனியரை யாரும் வாயில் எடுப்பதில்லை, எல்லாம் ஜிஎஸ்எம்: சதுர மீட்டருக்கு எத்தனை கிராம். ஒரு இழை அறுந்தால்? சொட்டாக விழுந்து துணியில் கெட்டியாக ஒரு பொட்டு நிற்கும். ஓரத்தில் அடையாளம் வைப்பார்கள், பிறகு வெட்டி எறிவார்கள். பக்கத்து இழை கூட்டிக்கொண்டு போகும் பேச்சே இல்லை.

அதை மட்டம் தட்ட எனக்கு மனமில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் மாட்டும் அங்கி, குழந்தையின் டயப்பர், முகக்கவசம் எல்லாம் அந்தப் புகையில் வந்தவை. முகக்கவசத்தைக் கத்தரித்துப் பார்த்திருக்கிறேன்: வெளியிலும் உள்ளேயும் இந்தத் துணி, நடுவில் இன்னும் மெல்லிய வெள்ளைத் தாள் மாதிரி ஒன்று. அது மெல்ட்புளோன். உருகி வரும் வாயிலேயே வெந்த காற்றை ஊதி, இழையைச் சில மைக்ரானுக்குச் சிதறடிப்பது. 1954-ல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வான் வென்டே அந்த முறையைத் தேடியது, அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு வானத்தில் மிதக்கும் கதிரியக்கத் தூசைப் பிடிக்கும் வடிகட்டிக்காக. 2020-ல் உலகம் முழுக்க முகக்கவசத்துக்கு அலைந்தபோது தட்டுப்பாடானது தையல்காரர் இல்லை, இந்த நடுத்தாள்தான்.

பை விஷயத்தில் மட்டும் எனக்குச் சமாதானம் வரவில்லை. துணி மாதிரி இருப்பதால் வாங்குகிறவர்கள் துணி என்றே நினைக்கிறார்கள். கடைக்காரரும் துணிப்பை என்றே கொடுக்கிறார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் வந்த தடைப் பட்டியலில் இந்தப் பையும் உண்டு. எங்கள் வீட்டுப் பரணில், ஓடு இடுக்கில் வெயில் விழும் இடத்தில், ஒன்று கிடந்தது. எடுக்கப் போனேன். காதைப் பிடித்ததும் கையோடு பொடியாக வந்துவிட்டது. பொடி தரையில் விழுந்து மின்விசிறிக் காற்றில் நாலா பக்கமும் ஓடியது. கூட்டி அள்ள முடியவில்லை. அப்பா நெய்த விரிப்பு அதே பரணில் நைந்து கிடக்கிறது, ஆனால் நைந்த துணியாகத்தான் கிடக்கிறது.

இரண்டு மணிக்கு மணி எதுவும் அடிக்கவில்லை. அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தோளைத் தொட்டார்கள், தொடப்பட்டவர்கள் நகர்ந்தார்கள். இயந்திரம் நிற்கவே இல்லை. அந்த அக்கா புதிதாக வந்த பெண்ணிடம் ஒரு விரலைக் காட்டி, அறுந்த இழையின் பல்லை எண்ணிக் காட்டினார். அது மறுபடி அறுந்துவிடும், பார்த்துக்கொள் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன். பிறகு தொட்டியில் கை கழுவி, சட்டையைக் கழற்றி மடித்து, ஜன்னலில் மாட்டியிருந்த பையை எடுத்தார். உள்ளே டிபன் பாக்ஸ். பச்சை நிற நான்வோவன் பை, ஏதோ ஜவுளிக்கடைப் பெயர் பாதி அழிந்திருந்தது. தூக்கியதும் ஒரு பக்கக் காது பிய்ந்து தொங்கியது.

கழிவுக் கூடையில் குனிந்து துழாவினார். இழுபடாத துண்டுகளை ஒதுக்கினார். இழுபட்டு முடிந்த நூலாக ஒரு முழம் எடுத்தார். காது பிய்ந்த இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, வழுக்கும் என்று தெரிந்தவராக முடிச்சுக்கு மேல் முடிச்சாக இரண்டு போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்தார். அறுபடவில்லை. சிரித்துக்கொண்டே தராசுப் பையனிடம் போய் பிளேடு வாங்கினார்.