'போர்டு போச்சு தம்பி!' - ரிச்சி தெருவில் ஒரு ரவுண்ட்

உங்க லேப்டாப் எப்ப மக்கர் பண்ணும் தெரியுமா? நாளைக்குக் காலையில சப்மிஷன்னா இன்னிக்கு ராத்திரிதான்! சார்ஜர் குத்தியிருக்கும், லைட் எரியும், ஆனா சார்ஜ் ஏறாது. பட்டனை அமுக்கினா ஃபேன் ஒரே ஒரு சுத்து சுத்திட்டு 'உஷ்'னு அடங்கிடும். அந்த நேரத்துல சென்னையில எந்த ஹாஸ்டலா இருந்தாலும் ஒரே அட்வைஸ்தான் கிடைக்கும். ''ரிச்சிக்குக் கொண்டு போ மச்சி!''

அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கு ரிச்சி தெரு. மெட்ரோவுல வந்தா அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்குங்க. பறக்கும் ரயில்ல வந்தா சிந்தாதிரிப்பேட்டை. ரெண்டுல இருந்தும் நடந்துடலாம். வழி மறந்துட்டா, 'கேசினோ தியேட்டர் எங்க?'னு கேளுங்க. பக்கத்துல வந்துடுவீங்க.

தெருனு பேருதானே தவிர, இது ஒரே தெரு கிடையாது. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடுனு ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்குற மொத்த ஏரியாவுக்கும் நாம வெச்சிருக்கிற செல்லப் பேரு 'ரிச்சி'. மீரான் சாகிப் தெருன்னா நம்ம அப்பா தலைமுறைக்கு சினிமா ஞாபகம்தான் வரும். பட விநியோகஸ்தர்கள் ஆபீஸ் போட்டிருந்த இடம் அது. நம்ம செட்டுக்கு இந்த ஏரியான்னாலே மதர்போர்டு, மினி ப்ராஜெக்ட், மல்ட்டிமீட்டர்தான்!

உள்ளே நுழைஞ்ச பத்தாவது அடியில உங்க தோள்ல இருக்கிற பேகைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாங்க. ''வாங்க தம்பி, சர்வீஸா? டிஸ்ப்ளேவா? பேட்டரியா?'' ஒரு பக்கம் கூறு கட்டி வெச்ச மாதிரி கேபிள் குவியல். இன்னொரு பக்கம் சாக்கு நிறைய பழைய கீபோர்டு. நடுவுல டி.வி. பெட்டியைத் தலையில வெச்சுக்கிட்டு 'சைடு... சைடு'னு ஒருத்தர் ஓடுவார். பைக், தள்ளுவண்டி, டீ டம்ளர், எல்லாத்துக்கும் வழி விட்டுத்தான் நீங்க நடக்கணும்.

இங்கே ஒரு ரகசியம் இருக்கு. தரைத் தளம் பெரும்பாலும் விக்கிற இடம். ரிப்பேர் நடக்கிறதெல்லாம் மாடியில. ஒரு ஆள் ஒதுங்கினாதான் இன்னொரு ஆள் ஏற முடியும்கிற படிக்கட்டுகள்ல ஏறிப் போனா, சால்டர் உருகுற வாசனை உங்களை வரவேற்கும்.

மூணு கடை... மூணு தீர்ப்பு!

நாங்க கொண்டு போனது என் ரூம்மேட்டோட லேப்டாப். அவங்க அம்மா வளையலை அடகு வெச்சு வாங்கிக் கொடுத்தது. அந்த வளையல் இன்னும் மீட்கப்படல. சனிக்கிழமை அவனுக்கு இன்டர்ன்ஷிப்புக்கான ஆன்லைன் டெஸ்ட். நாங்க ரிச்சிக்குப் போனது புதன்கிழமை.

கம்ப்ளெயின்ட் மூணு. பேட்டரி ஏழு சதவிகிதத்துலயே நிக்குது. சார்ஜர் போட்டிருந்தாலும் மெஷின் ஆமை வேகத்துல ஓடுது. கொஞ்சம் நகர்த்தினா பொட்டுனு அணைஞ்சிடுது. மூணுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்குல்ல? அதான் குழப்பமே!

முதல் கடையில சார்ஜரை மீட்டர்ல அளந்தாங்க. 19.4 வோல்ட். ''சார்ஜர் ஓ.கே., பேட்டரி மாத்திடுங்க''னு சொன்னாங்க. ரெண்டாவது கடை இன்னும் ஒரு படி மேல. அவங்க கிட்ட இருந்த யுனிவர்சல் சார்ஜரைப் போட்டுப் பார்த்தாங்க. அப்பவும் ஏறல. ''வேற சார்ஜர் போட்டும் ஏறலைன்னா போர்டுல சார்ஜிங் செக்‌ஷன் காலி. போர்டு போச்சு தம்பி. பதிமூணாயிரத்து ஐநூறு ஆகும்.'' கேட்டா லாஜிக் கரெக்டாத்தானே இருக்கு? என் ரூம்மேட் வாயைத் திறக்கவே இல்ல. வளையல் வெச்சு வாங்கினதே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

மூணாவது, நரசிங்கபுரம் தெருவுல ஒரு மாடி. நாலு டேபிள் போட்ட சின்ன ரூம். நாப்பது வயசைத் தாண்டின ஒரு அண்ணன் ஸ்க்ரூ டிரைவரையே தொடாம முதல்ல கேள்விதான் கேட்டார். ''எப்ப இருந்து? சார்ஜர் போட்டா மட்டும் ஸ்லோவா, பேட்டரியிலயும் ஸ்லோவா? நகர்த்துறப்ப எந்தப் பக்கம் ஆட்டினா ஆஃப் ஆகுது?'' அப்புறம் ஆன் பண்ணி நேரா பயாஸுக்குள்ள போனார். பேட்டரி பக்கத்துல ஒரு வரியைக் காட்டினார். அடாப்டர் வகை: தெரியவில்லை!

''பார்த்தியா... கரன்ட் வருது, ஆனா யார் அனுப்புறதுனு மெஷினுக்குத் தெரியல.''

விஷயம் இதுதான் மக்களே. சில கம்பெனி சார்ஜர்கள்ல உருளையா இருக்கிற பின்னோட நடுவுல ஊசி மாதிரி இன்னொரு கம்பி இருக்கும். வெளிச் சுத்து கிரவுண்ட், உள் சுத்து 19.5 வோல்ட். அந்த நடு ஊசி வழியாத்தான் சார்ஜர் 'நான் 65 வாட்'னு லேப்டாப்புக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கும். அந்தச் சேதி வரலைன்னா லேப்டாப் உஷாராகிடும். தாங்காத சார்ஜரா இருந்துட்டா என்ன பண்றதுனு பேட்டரியை சார்ஜ் பண்ணாது. கரன்ட் அதிகம் இழுக்கக் கூடாதுனு ப்ராசஸர் வேகத்தையும் குறைச்சிடும்.

அண்ணன் இதை இன்னும் சிம்பிளா சொன்னார். ''டோக்கன் வாங்காம மெஸ்ல போய் உக்காந்தா தண்ணி வைப்பான் தம்பி, சோறு போடுவானா?''

இப்ப அந்த ரெண்டாவது கடையை நினைச்சுப் பாருங்க. அவங்க போட்ட யுனிவர்சல் சார்ஜருக்கும் இந்த டோக்கன் கிடையாது! அதனாலதான் அப்பவும் ஏறல. பழி மட்டும் போர்டு மேல விழுந்தது.

அண்ணன் தன் டிராயர்ல இருந்து அதே மாடலுக்கான ஒரு சார்ஜரை எடுத்துக் குத்தினார். பயாஸ்ல 65 வாட்னு வந்தது. சார்ஜ் லைட் எரிஞ்சது. அப்புறம் பழைய சார்ஜரைத் திரும்பக் குத்தி, பின்னுக்குப் பக்கத்துல ஒயர் மடங்குற கழுத்தை லேசா வளைச்சார். ஒரு பக்கம் வளைச்சா 65, இன்னொரு பக்கம் வளைச்சா 'தெரியவில்லை', இன்னும் கொஞ்சம் வளைச்சா மொத்தமா ஆஃப். உள்ளே நடு ஊசிக்கான மெல்லிய கம்பி அறுந்து, பவர் கம்பியும் பாதி நைஞ்சு போயிருந்தது. நகர்த்தினா அணைஞ்சதும் அதனாலதான். ஏழு சதவிகிதத்துல நிக்கிற பேட்டரியால அந்த நேரத்துல தாங்கிப் பிடிக்க முடியல.

மூணு கம்ப்ளெயின்ட், ஒரே ஒயர்! பின்னோட புது ஒயர் வெச்சு சால்டர் பண்ணிக் கொடுத்தார். மொத்தம் 350 ரூபா. பதிமூணாயிரத்து ஐநூறு எங்கே, இது எங்கே!

ஆம்பியர் சொல்லும் ஜாதகம்

ஒயர் வேலை முடியிற வரைக்கும் பக்கத்து டேபிள்ல நல்ல வேடிக்கை. அங்கே ஒரு போர்டு நிஜமாவே 'டெட்'. சார்ஜருக்குப் பதிலா, டி.சி. பவர் சப்ளைனு ஒரு பெட்டியில இருந்து 19 வோல்ட் கொடுக்கிறாங்க. அந்தப் பெட்டியில போர்டு எவ்வளவு கரன்ட் இழுக்குதுனு நம்பர் தெரியும். இந்த நம்பர்தான் அவங்களுக்கு ஜாதகம்.

சுத்தமா பூஜ்யம்னா கரன்ட் உள்ளேயே போகல. ஜாக், ஃப்யூஸ், வாசல்ல நிக்கிற மாஸ்ஃபெட்னு வரிசையா தேடணும். ஆன் பண்ணாம இருக்கும்போது கொஞ்சூண்டு இழுத்து, பட்டனை அமுக்கினதும் ஏறி, உடனே திரும்ப விழுந்தா உள்ளே ஏதோ ஒரு சப்ளை கிளம்பல. குத்தின உடனே கரன்ட் எகிறி வோல்ட் படுத்துடுச்சுன்னா ஷார்ட்.

அந்தப் போர்டுல ஷார்ட். ஆயிரக்கணக்கான புள்ளியில எங்கேனு தேடறது? ஷார்ட்டான லைன்ல வெறும் ஒரு வோல்ட் மாதிரி கொடுத்து, போர்டு மேல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தடவினாங்க. எல்லா இடமும் ஈரமா இருக்க, ஒரே ஒரு கெபாசிட்டர் மேல மட்டும் டக்குனு காய்ஞ்சது. சூடாகுறவன்தான் குற்றவாளி! கடுகு சைஸ்கூட இல்லாத அதைக் கழட்டினதும் போர்டு மூச்சு விட ஆரம்பிச்சது. எங்க லேப்ல ஓம்ஸ் லா எழுதின எனக்கு, அது வேலை செய்றதைப் பார்த்தது அன்னிக்குத்தான்.

எல்லாப் போர்டும் இப்படிப் பிழைக்காது. ப்ராசஸருக்குள்ளேயே ஷார்ட்டுன்னா, தண்ணி புகுந்து உள் அடுக்கு அரிச்சிருந்தா, அண்ணனே கையை விரிச்சிடுவார். ஆனா அதையும் அளந்து பார்த்துட்டுத்தான் சொல்வார். அந்த வித்தியாசத்துக்குத்தான் இந்த மாடிப்படி ஏறணும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ரூம்லயே பாருங்க!

* சார்ஜரைக் கழட்டுங்க, பேட்டரி தனியா வர்ற மாடல்னா அதையும். பவர் பட்டனை முப்பது செகண்ட் அமுக்கிப் பிடிங்க. அப்புறம் சார்ஜர் மட்டும் போட்டு ஆன் பண்ணுங்க. மிச்சமிருக்கிற சார்ஜ் இறங்கினதும் சில மெஷின் தானா எழுந்துடும்.

* ஃப்ரெண்டோட சார்ஜர்னா அதே வோல்ட், அதே வகை, வாட்ஸ் குறையாம இருக்கணும். டைப்-சி சார்ஜர்னா கேபிளையும் மாத்திப் பாருங்க. அது 5 வோல்ட்ல ஆரம்பிச்சு, லேப்டாப்போட பேசி முடிச்சுத்தான் 20 வோல்ட் வரைக்கும் ஏறும். பேச்சு முறிஞ்சா 5 வோல்ட்லயே நின்னுடும்.

* இன்னொரு லேப்டாப் மேல வெச்சா மட்டும் தூங்கிடுதா? பயப்படாதீங்க. மூடி மூடியிருக்கானு தெரிஞ்சுக்க நிறைய மாடல்ல காந்தமும் சென்சாரும் இருக்கு. கீழே இருக்கிற மெஷினோட காந்தம் மேல இருக்கிறதை ஏமாத்துது!

* டச்பேட் மேல தூக்குதா, மூடி சரியா மூடலையா? பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே ஆஃப் பண்ணுங்க, சார்ஜ் போடாதீங்க. அமுக்கவோ குத்தவோ கூடாது. நெருப்பு பிடிக்கும்.

* ஆன் ஆகுற நிலையில இருந்தா ஃபைல் எல்லாத்தையும் முதல்ல காப்பி எடுத்துடுங்க. ஆகலைன்னா எஸ்.எஸ்.டி.யைக் கழட்டி வாங்கி வெச்சுக்கிட்டு மெஷினைக் கொடுங்க. சீரியல் நம்பரை ஒரு போட்டோ எடுத்துக்குங்க. மாத்தின பார்ட்டைத் திருப்பிக் கேளுங்க, பில்லும் கேளுங்க.

கடைசியா ஒண்ணு. பேட்டரி, போர்டுனு யார் எந்தத் தீர்ப்பு சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ''எதை அளந்து பார்த்தீங்கண்ணே?'' நல்ல மெக்கானிக்குக் கோபம் வராது. மீட்டரை உங்க பக்கம் திருப்பிக் காட்டுவார். காட்டலைன்னா மெஷினை வாங்கிக்கிட்டு அடுத்த படிக்கட்டு ஏறுங்க. ரிச்சியில படிக்கட்டுக்கா பஞ்சம்?

ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடைக்கு லீவு. சனிக்கிழமை கூட்டம் அள்ளும். அதனால, வார நாள்ல காலையிலயே கிளம்பிடுங்க மக்களே. அட்டெண்டன்ஸைப் பார்த்துக்கிட்டுத்தான்!