மலிவு விலையும் அண்டை வீட்டாரின் ஹக்கும்

மளிகை வாங்கும்போது நாம் விலையைப் பார்க்கிறோம். அந்தக் கடை நாளையும் இருக்குமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஆயிரம் பேருக்கும் குறைவாக வாழும் ஓரியண்டல் என்னும் சிற்றூருக்கு அந்தக் கேள்வி எழுந்தபோது காலம் கடந்திருந்தது.

2014இல் வால்மார்ட் நிறுவனம் அங்கே 'எக்ஸ்பிரஸ்' என்னும் தன் சிறிய வகைக் கடையொன்றைத் திறந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு குடும்பம் நடத்திவந்த மளிகைக் கடை, அதன் மலிவு விலைக்கு ஈடுகொடுக்க இயலாமல் 2015இல் மூடப்பட்டது. 2016 ஜனவரியில் வால்மார்ட், அமெரிக்காவிலிருந்த 102 'எக்ஸ்பிரஸ்' கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. ஓரியண்டல் மக்களுக்குப் பழைய கடையும் இல்லை, புதிய கடையும் இல்லை என்றாயிற்று.

பெருநிறுவனத்துக்கு ஒரு சிற்றூர்க் கடை என்பது கணக்கேட்டில் ஒரு வரி. இலாபம் குறைந்தால் அதை அடித்துவிடலாம். உள்ளூர்க் கடைக்காரருக்கோ அதுவே வாழ்வு.

இன்று நம் ஊர்த் தெருக்களிலும் பெருநிறுவனங்களின் சிறு கடைகள் திறக்கப்படுகின்றன. மலிவாக வாங்குவது குற்றமன்று. குடும்பச் செலவைச் சுருக்குவதும் பொறுப்பே. ஆயினும் மாதக் கடைசியில் நம் முகம் பார்த்துக் கடன் தரும் தெருமுனைக் கடைக்காரர் நம் அண்டை வீட்டாரும் அல்லவா? நம் மாதச் சாமான்களில் ஒரு பகுதியையேனும் அவரிடம் வாங்குவோம்.