ஸ்காபரோவில் கையெழுத்து, கோண்டாவிலில் காணி

அன்புள்ள ஊரவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளைக் கனடாவில் இருந்து வாசிக்கும் எங்களில் பலர் முதலில் தேடுவது மரண அறிவித்தல்களைத்தான். பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் வரும் 'அற்றோணித் தத்துவம் இரத்துச் செய்தல்' என்ற அறிவித்தல்களையும் நான் விடாமல் வாசிக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், ஊரில் இருப்பவருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரத்தை மீளப் பெறுகிறார் என்பதே அதன் சாரம். அண்ணன் தம்பி, மாமன் மருமகன் என்று எத்தனை உறவுகள் இப்படி அறுந்துபோகின்றனவோ என்று மனம் கனக்கும்.

"பவர் எழுதி அனுப்பு, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று தொலைபேசியில் சித்தப்பா சொல்வார். நாங்களும் யோசிப்பதில்லை. ஒரு படிவத்தில் ஒப்பம் வைத்துத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பிவிடுகிறோம். வேலி அடைக்கவும் வாடகை வாங்கவும் என்று நினைத்துக் கொடுத்தது பொது அற்றோணித் தத்துவமாக இருந்தால், விற்கவும் ஈடு வைக்கவும் குத்தகைக்கு விடவும் அதிலேயே இடம் இருக்கும். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். உங்கள் அற்றோணி அங்கே வைக்கும் ஒப்பம் நீங்களே வைத்த ஒப்பம்தான். "விக்கவேண்டாம் எண்டு சொன்னனான்" என்று பிறகு அழுது பயனில்லை. வாங்கியவர் பத்திரத்தில் எழுதியிருந்ததைத்தான் பார்த்திருப்பார்.

ஆகவே விசேட அற்றோணித் தத்துவம் எழுதுங்கள். உறுதி இலக்கம், காணியின் பெயர், எத்தனை பரப்பு எத்தனை குழி, நான்கு எல்லை, செய்யவேண்டிய வேலை என்ன, விற்பதென்றால் எந்த விலைக்குக் குறையாமல், காசு யாருடைய கணக்குக்குப் போகவேண்டும், எந்தத் திகதியோடு அதிகாரம் முடிகிறது: எல்லாம் அதில் இருக்கட்டும். இது 1902 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பதிவாளர் நாயகத்திடம் பதியப்படவேண்டும். 2022 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பழைய படிவத்தைப் பார்த்து எழுதாமல் ஊரில் ஒரு சட்டத்தரணியிடம் வரைவைக் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இப்படி எழுதுவது ஊரில் இருப்பவரை அவமதிப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இலங்கையில் 10 ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டு அனுபவித்தவர் ஆட்சியுரிமை கோரலாம். போரில் ஊரைவிட்டு ஓடியவர்களுக்காக 2016 இல் வந்த சிறப்புச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட இடம் தந்தது. வழக்குத் தொடர அது தந்த அவகாசமோ குறுகியது. வாய்ச்சொல்லோடு காணியைப் பார்க்கவிட்டால், நாளைக்கு அவர் யாருக்காக இருந்தார் என்பதே வழக்காகும். எழுத்தில் இருந்தால் அவர் உங்கள் சார்பில் இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. அவருக்கும் களங்கம் இல்லை.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில் இருப்பவை. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் காணியைக்கூட உயிரோடு இருக்கும்போது கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அவள் தனியாக ஒப்பம் வைத்து அனுப்பும் அதிகாரம் விற்பனைக்கு உதவாமல் போகலாம். கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாதவர்கள் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். போருக்குப் பிறகு அந்த வாசலில் நிற்கவேண்டிய பெண்கள் எத்தனை பேர்! தன் உடைமைக்குச் சொந்தக்காரியே அனுமதி கேட்கும் இந்த விதி மாறவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே நான் அதிகம் காணும் துயரம் இன்னொன்று. ஒன்ராறியோவில் 1992 ஆம் ஆண்டின் சட்டப்படி ஓர் அம்மா எழுதும் தொடர் அதிகாரப் பத்திரம், அவருக்கு மறதிநோய் வந்த பிறகும் செல்லும். வங்கிக் கணக்கும் வீடும் பிள்ளைகளின் பொறுப்பில் நடக்கும். அதே அம்மா ஊர்க் காணிக்காக எழுதிய அற்றோணித் தத்துவம், ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியில், அவருடைய அறிவு தவறும்போதே வலுவிழக்கிறது. இறந்தாலும் அப்படித்தான். அதன்பிறகு மாவட்ட நீதிமன்றம், மரணச் சொத்து வழக்கு, உலகம் முழுக்கச் சிதறிய உரித்தாளர்களின் ஒப்பம் என்று ஆண்டுகள் போகும். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்த நாளில், சீவிய உரித்தைத் தனக்கு வைத்து ஒரு நன்கொடை உறுதி முடித்திருந்தால் இத்தனை அலைச்சல் வந்திராது.

வெளிநாட்டில் இருக்கும் என் தலைமுறையினரிடம் கேட்கிறேன்: பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். வேலை முடிந்த அதிகாரங்களைப் பதிவாளர் நாயகத்திடம் இரத்துப் பதிந்து, பத்திரிகையிலும் அறிவித்துவிடுங்கள், பகை வந்த பிறகல்ல, நல்லுறவு இருக்கும்போதே. ஊரில் இருப்பவர்களே, அடுத்தமுறை எங்களிடம் 'பவர்' கேட்கும்போது, என்ன வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று நீங்களே எழுதி அனுப்புங்கள். அந்தளவுக்கு மட்டும் நாங்கள் ஒப்பம் வைக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஊரவள்