எஞ்சினின் மூச்சு

மோட்டார் காரின் ஆற்றலைப் பெருக்க விழையும் இளைஞர் எவரும் பட்டறைக்குள் நுழைந்ததும் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன் கூடும்?" என்பதே. வாப்பாவின் பழைய காரைக் கையில் பெற்ற பிள்ளைகளுக்கு இவ்வாசை எழுதல் இயல்பு. அதனை நாம் இழித்துரைக்க மாட்டோம். இயந்திரத்தை அறிய விரும்பும் மனம் நல்ல மனமே. எனினும் அக்கேள்விக்கு முன்னே கேட்க வேண்டிய ஒன்று உண்டு. எச்செயலுக்கும் நிய்யத்து முந்த வேண்டும் என்று நம் வீடுகளில் சிறுவயதிலேயே சொல்லித் தருகிறோம். இந்தக் கார் எந்தச் சாலையில் ஓடப் போகிறது, எத்தனை பேரை ஏற்றிச் செல்லப் போகிறது, அதன் எஞ்சின் நிமிடத்திற்கு எத்தனை சுற்றில் பெரும்பொழுது உழைக்கப் போகிறது என்னும் நிய்யத்து தெளியாமல் வாங்கப்படும் உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் வீண்விரயமாகவே முடிகின்றன.

டர்போ போன்ற காற்றழுத்தும் கருவி எதுவும் பூட்டாத எஞ்சினைக் குறித்தே ஈண்டு பேசுகிறோம். இத்தகைய எஞ்சின் தன் மூச்சைத் தானே இழுக்க வேண்டும். பிஸ்டன் கீழிறங்குங்கால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள காற்று தன் எடையால் உள்ளே புகுகிறது. உறிஞ்சும் இத்தத்துவம் நம்மவர்க்குப் புதிதன்று. தியார்பக்ரில் அர்துக்கிய மன்னர்களின் அவையிலிருந்த அல் ஜஸரீ, 1206ஆம் ஆண்டு எழுதி முடித்த பொறியியல் நூலில், எதிரெதிரே அமைந்த இரு சிலிண்டர்களும் உறிஞ்சுகுழாய்களும் வால்வுகளும் கொண்ட நீரேற்றும் பொறியொன்றை வரைந்து விளக்கியிருக்கிறார். அவர் நீரை உறிஞ்சினார். கார் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது.

எவ்வளவு காற்று? ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 6000 சுற்றுச் சுழல்கிறது என்போம். இரு சுற்றுக்கொரு முறை ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சிழுப்பதால், குறைவற நிரம்பினால் நிமிடத்திற்கு 3000 லிட்டர் காற்று உட்செல்லும். அதன் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. முழு ஆற்றல் தேவைப்படும்போது 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்னும் அளவில் எரிக்கலாம். பெட்ரோலைக் கூட்டி ஊற்றுவது எளிது. அதற்கு இணையான காற்றை உள்ளே கொணர்வதே அரிது. ஆகவே இவ்வகை எஞ்சினில் செய்யத் தக்க மாற்றங்களிற் பெரும்பாலானவை ஒரே நோக்குடையவை: மூச்சுத் தடையை நீக்குதல்.

இதனை விளக்க மினி காரைவிடச் சிறந்த சான்று நாம் அறியோம். ஆங்கிலேயரின் பெருமைக்குரிய இக்காரை வரைந்த அலெக் இஸிகோனிஸ், 1906இல் உதுமானியப் பேரரசின் ஸ்மிர்னா நகரில், இன்றைய இஸ்மீரில், பிறந்தவர் என்பதை நம் வாசகர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1959இல் மினி வெளிவந்தபோது அதன் 848 சிசி எஞ்சின் தந்தது 34 குதிரைத்திறன். அது 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் அறிமுகமான 'ஏ' வரிசை எஞ்சினின் வழிவந்தது. இலங்கைச் சாலைகளில் நீண்ட காலம் ஓடிய மொரிஸ் மைனரிலும் இவ்வரிசை எஞ்சினே இருந்தது. நம் அம்பாஸடரின் பழைய 1489 சிசி எஞ்சின் அதன் மூத்த உறவான 'பி' வரிசையைச் சேர்ந்தது.

பந்தயக் கார்கள் கட்டிய ஜான் கூப்பரின் தூண்டுதலால் 1961இல் 997 சிசி கொண்ட மினி கூப்பர் வந்தது. இரு கார்புரேட்டர்கள், 55 குதிரைத்திறன். 1964இல் அதற்குப் பதிலாக 998 சிசி எஞ்சினைப் பொருத்தினர். விளம்பரத் தாளை மட்டும் பார்ப்பவர் இம்மாற்றத்தில் ஒன்றுமில்லை என்பார். புதியதும் 55 குதிரைத்திறனே. ஆனால் புதிய எஞ்சினில் சிலிண்டர் அகன்றது, பிஸ்டனின் வீச்சு குறுகியது. முறுக்குவிசை 54½ பவுண்டு-அடியிலிருந்து 57க்கு உயர்ந்தது. அந்த உச்சம் கிட்டும் இடமும் 3600 சுற்றிலிருந்து 3000க்கு இறங்கியது. குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சியையும் பெருக்கி வரும் தொகை. உச்சத்தில் நிற்கும் ஓர் எண், அதற்குக் கீழே கார் எவ்வாறு இழுக்கிறது என்பதைச் சொல்லாது. நாள்தோறும் ஓட்டுபவர் வாழ்வது அந்தக் கீழ்ப்பகுதியில்தான்.

இன்னொரு ஒப்பீடு இதனினும் பயனுடையது. 1967இல் சாதாரண மினிக்கும் 998 சிசி எஞ்சின் கிடைத்தது. கொள்ளளவு கூப்பருடையதே, ஆற்றலோ 38 குதிரைத்திறன். 17 குதிரைத்திறன் எங்கே போயிற்று? ஒற்றைக் கார்புரேட்டர், மென்மையான கேம்ஷாஃப்ட், சிறிய வால்வுகள், 9க்குப் பதிலாக 8.3 என்னும் அமுக்க விகிதம். இவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றி 17ஐயும் பெற்றவர் எவருமிலர். சங்கிலியின் பலவீனமான கண்ணி எதுவோ அதுவே எஞ்சினின் அளவு.

'ஏ' வரிசையில் அப்பலவீனமான கண்ணி சிலிண்டர் ஹெட். நான்கு சிலிண்டர்களுக்கு நான்கு உள்வழி இருத்தல் முறை. இதிலோ இரண்டே உள்வழிகள். இரு சிலிண்டர்கள் ஒரு வாயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளிவழிகள் மூன்று, நடு இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒன்றே. எரியும் வரிசை 1-3-4-2 ஆதலால், இரண்டாம் சிலிண்டர் மூச்சிழுத்த உடனே முதலாவது இழுக்கத் தொடங்குகிறது. மூன்றாவதை அடுத்து நான்காவது அவ்வாறே. முந்தியது வாய்மூடு முன்னரே பிந்தியது வாய்திறப்பதால் ஒன்றின் பங்கை மற்றது பறிக்கிறது. ஒரே தாலத்தில் உண்ணும் இருவரில் ஒருவர் கை முந்துவது போன்றதே இது! வால்வை நெடுநேரம் திறந்துவைக்கும் பந்தயக் கேம்ஷாஃப்டை இதில் பூட்டினால் இப்பறிப்பு இன்னும் மிகும். வேறோர் எஞ்சினில் பொன்னாகும் பாகம் இதில் பித்தளையாவது இக்காரணத்தால்தான். நண்பரின் காரில் பயன் தந்தது என்பதற்காக ஒன்றை வாங்குவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அக்காலத்து இங்கிலாந்தில் வில்ட்ஷயர் மாவட்டத்து டவுண்டன் சிற்றூரில் பட்டறை நடத்திய டேனியல் ரிச்மண்ட் போன்ற வல்லுநர்கள் தம் உழைப்பைச் சிலிண்டர் ஹெட்டின் மீதே செலுத்தினர். வால்வின் இருக்கைக்கு அருகிலுள்ள வளைவைச் சீராக்குதல், வால்வை அகலமாக்குதல், எரியும் அறையில் வால்வை நெருங்கி நிற்கும் சுவரைச் செதுக்குதல் ஆகியன அவ்வேலையின் உட்பிரிவுகள். வழியைப் பெரிதாகக் குடைந்துவிட்டால் போதும் என எண்ணுவது பேதைமை. அளவுக்கு மீறி அகன்ற வழியில் காற்றின் வேகம் குறையும். குறைந்த சுழற்சியில் பெட்ரோல் நன்கு கலவாது. கார் சோர்ந்து இழுக்கும். இரும்பைக் குடைந்தபின் மீண்டும் ஒட்டவைக்க இயலாது என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

இனித் தெரிவுக்கு வருவோம். முதலாவது வேலை விலையற்றது என்றே சொல்லலாம்: எஞ்சின் பழைய நலத்தோடு இருக்கிறதா என்று பார்ப்பது. அமுக்கச் சோதனை, டேப்பெட் இடைவெளி, தீப்பொறியின் நேரம், உராய்ந்து நிற்கும் பிரேக், காற்றிறங்கிய டயர். தேய்ந்த பிஸ்டன் வளையங்கள் மீது புதிய கார்புரேட்டரைப் பூட்டுவோர் நம்மிடையே பலருண்டு.

அடுத்தது வெளிமூச்சு. மினிக்கு இத்துறையினர் முதற்படியாகக் கொள்வது மூன்றின் சேர்க்கை: நடுவழிக்குத் தனியாக நீண்ட குழாய் விட்டுப் பின்னர் இணைக்கும் புகைப்போக்கிக் கிளைக்குழாய், தடை குறைந்த சைலன்சர், தடை குறைந்த காற்று வடிகட்டி. இவற்றோடு எஸ்யு கார்புரேட்டரின் கூம்பிய ஊசியையும் மாற்ற வேண்டும். மிகுந்து வரும் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலை அளப்பது அவ்வூசியே. அதை மறந்தால் கலவை வறண்டு பிஸ்டன் கருகும். வடிகட்டி எங்கிருந்து காற்றை எடுக்கிறது என்பதும் முக்கியம். 20 பாகை வெப்பக் காற்றைவிட 40 பாகைக் காற்று நூற்றுக்கு ஆறு பங்கு நொய்மையானது. பானட்டுக்குள் கொதிக்கும் காற்றை இழுக்கும் விலையுயர்ந்த வடிகட்டி, கொடுத்ததை மறுகையால் வாங்கிக்கொள்கிறது.

அதன்பின் சிலிண்டர் ஹெட். அதைக் கழற்றும்போதே அமுக்க விகிதத்தையும் முடிவு செய்தல் வேண்டும். 9ஐ 10 ஆக்கினால் ஏட்டுக் கணக்கில் கிடைப்பது நூற்றுக்கு மூன்று பங்களவே. ஊரிற் கிடைக்கும் பெட்ரோல் அதைத் தாங்காவிடில் எஞ்சின் தட்டும். நெடுநேரத் தட்டல் பிஸ்டனை உடைக்கும். மூன்று பங்கு ஆதாயத்திற்கு எஞ்சினையே பணயம் வைக்கலாமா என்பதை உரியவர் எண்ணிக்கொள்க. கேம்ஷாஃப்ட் இதற்குப் பின்னரே வர வேண்டும். சிலிண்டர் ஹெட் விடாத காற்றைக் கேம்ஷாஃப்ட் வரவழைக்காது. நகருக்குள் ஓடும் காரெனில் மென்மையானதையே தேர்தல் தகும். கடுமையானது ஆற்றலைக் கூட்டுவதைவிட, அதை மேற்சுழற்சிக்கு இடம்பெயர்ப்பதே அதிகம். சிக்னலில் நிற்கையில் எஞ்சின் குலுங்கும், உம்மா ஏறியமர அஞ்சுவார்.

இதுவரை சொன்ன எண்கள் எஞ்சினின் முனையில் அளந்தவை. சாலையை உந்துவது சக்கரம். இடையிலுள்ள கியர்களும் எண்ணெயும் டயரும் ஒரு பங்கை உண்டுவிடும். மினியில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில், அதே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. சாய்ந்த பற்களுள்ள இடைக்கியர்களுக்குப் பதிலாக நேர்ப்பற்கள் பூட்டினால் எஞ்சினைத் தொடாமலே சக்கரத்தில் சிறிது ஆற்றல் மிகும். அதனோடு வரும் ஓயாத ஊளைச் சத்தத்தைக் குடும்பத்தார் பொறுப்பார்களா என்பது வேறு வினா. இறுதி விகிதத்தை மாற்றுவதை ஆற்றல் கூட்டுவதாக விற்பாரும் உளர். அதனால் சக்கரத்தின் முறுக்கு மாறும், கார் விரைந்து பாயும். குதிரைத்திறன் ஒன்றும் கூடாது.

சக்கர ஆற்றலை உருளைகள் பொருத்திய டைனமோமீட்டரில் அளப்பர். அளவு கருவிக்குக் கருவி மாறும்; வெப்பத்தாலும் மாறும். குளிர்ந்த காலையில் ஓரிடத்தில் அளந்ததையும் உச்சிப்பொழுதில் வேறோரிடத்தில் அளந்ததையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. மாற்றத்திற்கு முன்னொரு முறை, பின்னொரு முறை, அதே கருவியில், அதே கியரில் அளக்க வேண்டும். முன்னளவை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். உச்ச எண்ணை மட்டுமன்றி, 2500இலிருந்து 5000 சுற்று வரையுள்ள வளைகோடு முழுவதையும் பார்க்க வேண்டும். அளவையில் நேர்மையை வலியுறுத்தும் மார்க்கத்தினர் நாம். இவ்வளவையில் மட்டும் ஏன் கண்மூட வேண்டும்?

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. பொதுச்சாலைக் காரின் எஞ்சினில் கைவைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவதே முறை. பந்தயமே நாட்டமெனில், 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் போன்ற இடங்கள் உள்ளன.

ஜான் கூப்பரின் காரில் விளம்பரங்கள் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். 34ஐ 55 ஆக்கிய அதே 1961இல், முன்சக்கரங்களுக்கு 7 அங்குலத் தட்டுப் பிரேக்குகளையும் பூட்டியே அதை விற்றனர். 1963இல் 70 குதிரைத்திறனுடன் வந்த கூப்பர் எஸ் வகைக்கு அத்தட்டு 7½ அங்குலமாயிற்று; மிதியின் அழுத்தத்தைப் பெருக்கும் செர்வோவும் சேர்ந்தது. பட்டறையில் செலவுக் கணக்கு எழுதும் பிள்ளைகள், கார்புரேட்டருக்கு மேலே, தாளின் முதல் வரியில் பிரேக்கை எழுதி, அதற்குரிய பணத்தை முதலில் எடுத்துவைக்கட்டும்.