ஆனேக்கல் சாலையில் பன்னிரண்டு பக்க வாரண்டி

"இது சர்டிஃபைடு வண்டி சார். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாசம் வாரண்டி ஃப்ரீ. மேல பதினாலாயிரத்து ஐநூறு கட்டிட்டா ஒரு வருஷத்துக்கு ஃபுல் கவர். கண்ண மூடிட்டு ஓட்டலாம்."

விற்பனையைக் கவனித்த இளைஞர் கிருஷ்ணகிரிக்காரர். கன்னடத்தில் ஆரம்பித்தவர், நானும் என் தங்கை மகனும் பேசிக்கொண்டதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். ஆனேக்கல் தாலுகாவில் இது சகஜம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர், ஆனேக்கல்லுக்குத் தெற்கே போனால் தளி. இங்குள்ள தொழிற்பேட்டைகளில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் நிறைய.

என் மருமகனும் அப்படி வந்தவன்தான். ஜிகணியில் வேலை, ஆனேக்கல்லில் வாடகை வீடு, கையில் ஒரு குழந்தை. 2025 ஆகஸ்டில் திறந்த பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. ஆனேக்கல்லிலிருந்து ஜிகணிக்குப் போகிறவனுக்கு அதனால் பயனில்லை. வாராவாரம் தர்மபுரிக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும். இதுவரை பைக்கில் சமாளித்தவன், ஐந்தரை லட்சத்துக்குள் ஒரு பழைய கார் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு சந்தாபுராவில் இருக்கும் இந்தக் கடைக்கு வந்திருந்தான்.

அவன் கண் வைத்திருந்தது 2019 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வகை. மீட்டரில் 61,000 கிலோமீட்டர், விலை 5,40,000. முன்கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர், அதில் பெரிதாக 'சர்டிஃபைடு'.

இந்த ஸ்டிக்கரும் வாரண்டியும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மாருதியின் பழைய கார் பிரிவான ட்ரூ வேல்யூ 376 அம்சங்களைச் சோதிப்பதாக விளம்பரம் செய்கிறது, டொயோட்டாவின் யூ டிரஸ்ட் 203, ஹூண்டாயின் எச் பிராமிஸ் 161. எண்ணிக்கை எத்தனையானாலும் அது சோதித்த நாளில் கண்டதைத்தான் சொல்லும். நாளைக்குப் பழுதானால் யார் பணம் கொடுப்பார் என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் வேறொரு தாளில் இருக்கிறது, அந்தத் தாளை யாரும் கேட்காமல் எடுத்து நீட்டுவதில்லை.

நான் கேட்டேன். வழவழப்பான ஒற்றைத் தாள் ஒன்று வந்தது. "இது விளம்பரம் தம்பி. நிபந்தனை முழுசா எழுதியிருக்கிற தாள் எங்கே?"

"அது டெலிவரி அன்னிக்கு மெயில்ல வரும் சார்."

பணம் கட்டிய பிறகு வரும் நிபந்தனையால் நமக்கு என்ன பயன்? படிக்காமல் முன்பணம் கிடையாது என்றதும் மேனேஜர் உள்ளேயிருந்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வைத்தார். பன்னிரண்டு பக்கம், பொடி எழுத்து. அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தோம்.

முதலில் தேடியது வாரண்டி கொடுப்பவரின் பெயரை. கடையின் பெயர் எங்கேயும் இல்லை, வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. பழைய கார் வாரண்டி மூன்று வகையில் வருகிறது. காரைத் தயாரித்த கம்பெனியே கொடுத்தால் நாட்டின் எந்த ஊரிலும் அதன் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். கடைக்காரர் சொந்தமாகக் கொடுத்தால் அவர் சொல்லும் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும், அவர் கடையை மூடினால் வாரண்டியும் போயிற்று. மூன்றாவது இது: நடுவில் ஒரு நிறுவனம் நின்று பணம் வாங்கிக்கொண்டு பொறுப்பேற்கிறது. பழுதானால் முதலில் அவர்களுக்கு போன் செய்து அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக்கு முன் மெக்கானிக் ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் க்ளெய்ம் கிடையாது என்று நாலாம் பக்கத்தில் இருந்தது. தர்மபுரி போகிற வழியில் ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டையில் வண்டி நின்றால் என்ன செய்வது என்று மருமகன் கேட்டான். இழுத்துக்கொண்டு வரும் செலவும் நம்முடையதுதான்.

அடுத்து பாகங்களின் பட்டியல். நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான், கார் வாங்குகிற யாரும் செலவிட வேண்டியதும் இங்கேதான். ஏஎம்டி காரில் கியர்பாக்ஸ் சாதாரண கியர்பாக்ஸேதான். காலும் கையும் செய்கிற வேலையை ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது, அதற்கு உத்தரவு போடுவது டிசியூ என்ற மின்னணுப் பெட்டி. ஏஎம்டி வாங்க யோசிப்பவர்களின் பயமெல்லாம் இந்த இரண்டின் மேலும் கிளட்ச் மேலும்தான், உள்ளே இருக்கும் பல்சக்கரங்களின் மேல் அல்ல. இலவச வாரண்டியில் கியர்பாக்ஸுக்கு நேரே 'எண்ணெயில் இயங்கும் உள்பாகங்கள் மட்டும்' என்று இருந்தது. ஆக்சுவேட்டர் இல்லை, டிசியூ இல்லை. காசு கட்டி வாங்கும் திட்டத்தில் இரண்டும் சேர்கின்றன. ஆனால் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் தேய்மானப் பாகங்கள் என்று வெளியே நிறுத்தப்பட்டிருந்தன. பிரேக் பேட், டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ், ரப்பர் குழாய்கள் எல்லாம் அதே வரிசையில்.

"அப்போ எது பழுதாகும்னு பயந்தேனோ அதுல பாதி இதுல இல்லையா மாமா?"

பாதியாவது இருக்கிறதே என்று பார்த்தால் அடுத்த பக்கத்தில் உச்சவரம்பு. ஒரு க்ளெய்முக்கு 25,000 ரூபாய், ஆண்டு முழுவதற்கும் சேர்த்து 60,000. காலம் ஓராண்டு அல்லது 15,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது.

போனை எடுத்துக் கணக்குப் போட்டோம். 14,500க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 17,110. வேலைக்குப் போய் வருவதும் வாராவாரம் தர்மபுரியும் சேர்ந்தால் இவன் ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓட்டுவான். ஆக, ஓராண்டு வாரண்டி பத்து மாதத்தில் தீர்ந்துவிடும். 60,000க்கு 17,110 என்றால், கட்டிய பணத்துக்குச் சரியாகிவிட, இதே போன்ற நாலு கார்களில் ஒன்றுக்கும் மேல் அந்தப் பத்து மாதத்துக்குள் முழு வரம்புக்கும் பழுதாக வேண்டும். அவ்வளவு பழுதாகும் கார் என்று நினைத்தால் அந்தக் காரையே வாங்கக் கூடாது.

ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பழைய கார் சந்தையைத்தான் உதாரணமாக எடுத்தார். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காருக்கும் குறைந்த விலையே சொல்வார், நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார். இந்தச் சிக்கலுக்கு ஒரு மருந்தாக அவர் சொன்னவற்றில் உத்தரவாதமும் உண்டு. 2001இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அவர் சொன்ன உத்தரவாதம், குறையின் சுமையை விற்பவர் தோளுக்கு மாற்றுவது. காரை விற்றவரை விட்டுவிட்டு வேறொருவர், வரம்பு கட்டி, விலைக்கு விற்கும் உத்தரவாதத்தில் அந்தச் சுமை விற்றவர் மேல் ஏறவே இல்லை.

அமெரிக்காவில் 1985 முதல், டீலர் விற்கும் பழைய கார்களில், கண்ணாடி போலக் கண்ணில் படும் இடத்தில், ஓர் அறிவிப்பு வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வாரண்டி உண்டா இல்லையா, உண்டென்றால் எந்தப் பாகத்துக்கு, செலவில் எத்தனை சதவீதம் டீலருடையது என்று அதில் இருக்கும். நம் நாட்டில் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்கிறது. விற்பனைக்குக் கொடுத்த வண்டிக்கு டீலரையே பொறுப்பாளி ஆக்குகிறது. உரிமைப் பத்திரச் சிக்கலுக்கு அது நல்ல தீர்வு, காரின் தரத்தைப் பற்றியதல்ல. கண்ணாடியில் அப்படி ஓர் அறிவிப்பு இங்கும் வர வேண்டும். பொடி எழுத்தைப் படிக்க நேரமும் பழக்கமும் இல்லாதவர்கள்தான் ஆயுள் சேமிப்பைக் கொண்டுவந்து இந்த வரிசைகளின் நடுவே நிற்கிறார்கள்.

ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது என்னை மிகவும் உறுத்திய வரி. 'வாங்கும் முன்பே இருந்த கோளாறுகளுக்குப் பொறுப்பில்லை.' முன்பே இருந்ததா என்று முடிவு செய்வது யார்? அவர்களுடைய ஆய்வாளர். மேனேஜரிடம் கேட்டேன்: "இத்தனை இடத்தில் சோதித்துக் கோளாறு இல்லை என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். அப்புறம் முன்பே இருந்த கோளாறு எப்படி வரும்? சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, அதை இந்த வாரண்டியோடு இணைத்துக் கொடுங்கள்." அது வழக்கமில்லை என்றார். வழக்கமாக வேண்டும். அறிக்கையும் வாரண்டியும் ஒரே கட்டில் இருந்தால்தான் 'முன்பே இருந்தது' என்ற சாக்கு எழாது.

ஹெப்பகோடியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை முன்பே பேசி வைத்திருந்தோம். இரண்டாயிரம் ரூபாய் கூலி. வந்தவர் காரை ஸ்டார்ட் செய்யும் முன் நான்கு சீட் பெல்ட்களையும் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். "வெள்ளத்துல நின்ன வண்டின்னா எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டோட அடிப்பக்கத்துல சேறு நிக்கும்ணே." 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் சாலையும் பெல்லந்தூரும் மூழ்கியதை இங்கு யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் சென்னை. தண்ணீர் புகுந்த சேதம் நாங்கள் படித்த தாளிலும் விலக்கு. பெல்ட் சுத்தமாக இருந்தது. ஸ்டெப்னிக்குக் கீழே துரு இல்லை. பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடயம் இல்லை. டயரில் நாலு இலக்க எண்ணைக் காட்டி, முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம் என்று மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். டயர்கள் வண்டியின் வயதுக்கு ஒத்துப்போயின.

பிறகு ஸ்கேனரைச் சொருகினார். பிழைக் குறியீடு எதுவும் இல்லை. எனக்கு நிம்மதி, அவருக்கு இல்லை. காரின் கணினி தானே செய்துகொள்ளும் பரிசோதனைகள் பல முடியாமல் நின்றன. "யாரோ சமீபத்துல கோடு அழிச்சிருக்காங்க, இல்லேன்னா பேட்டரிய கழட்டி மாட்டியிருக்காங்க. ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தா மறுபடி பாக்கலாம்." பேட்டரி இறங்கியதால் மாற்றினோம் என்றார் இளைஞர். அது உண்மையாகவும் இருக்கலாம். ஓட்டிப் பார்க்க ஐந்து கிலோமீட்டருக்கு மேல் அனுமதி இல்லை என்பதுதான் சிக்கல்.

பழைய காருக்கு வாரண்டியே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. டர்போ டீசல், இரட்டை கிளட்ச், சிவிடி, ஹைபிரிட், சொகுசு கார்கள் இவற்றில் ஒரே பழுது லட்சத்தைத் தாண்டலாம். கம்பெனியே கொடுக்கும் வாரண்டி கிடைத்தால் அவற்றுக்கு யோசிக்காமல் வாங்கலாம். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட, கையால் கியர் போடும் சின்ன பெட்ரோல் காருக்கு அந்தப் பதினேழாயிரத்தை வங்கியில் போட்டு வைப்பதே மேல். ஏஎம்டி நடுவில் நிற்கிறது. அதற்குத் திட்டத்தின் பட்டியல்தான் பதில் சொல்ல வேண்டும், இந்தத் தாளின் பதில் எங்களுக்குப் போதவில்லை.

அதே வரிசையின் கடைசியில் அதே கம்பெனியின் இன்னொரு கார் நின்றது. 2022 மாடல், பெட்ரோல், மேனுவல், 38,000 கிலோமீட்டர், கேஏ 59 பதிவு, அதாவது சந்தாபுரா ஆர்டிஓ. விலை 5,90,000. ஸ்டிக்கர் அதிலும் இருந்தது, இளைஞர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. டாஷ்போர்டுக்குள் இருந்த சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டியபோது, முதல் உரிமையாளர் புதிதாக வாங்கும்போதே கம்பெனியின் நீட்டிப்பு வாரண்டியை ஐந்தாம் ஆண்டு வரை எடுத்திருந்தது தெரிந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து சேஸிஸ் எண்ணைச் சொன்னோம். 2027 வரை நடப்பில் இருக்கிறது, ஆர்சி மாறியதும் புதிய உரிமையாளர் பெயரில் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். எல்லா சர்வீஸும் தேதி தவறாமல் நடந்திருந்தது. மீட்டரும் அந்தப் பதிவுகளும் ஒத்துப்போயின. மெக்கானிக் இதையும் பார்த்தார், இதில் கணினியின் பரிசோதனைகள் முழுதாக முடிந்திருந்தன.

முதல் காரும் வாரண்டியும் சேர்ந்து 5,57,110. இந்த இரண்டாவது கார் அதைவிட ஏறக்குறைய 33,000 அதிகம். ஆனால் மூன்று வயது இளையது, வாரண்டி தருவது கம்பெனி, தர்மபுரியிலும் செல்லும். குறை ஒன்றுதான்: மருமகனின் மனைவி இப்போதுதான் ஓட்டப் பழகுகிறாள், ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று கேட்டிருந்தாள். போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"கியர் போட்டு ஓட்ட நான் கத்துக்கறேன். கைக்குழந்தையோட நடு ரோட்டுல நிக்கற வண்டி மட்டும் வேணாம்னு மாமாகிட்ட சொல்லுங்க."

பேரம் 5,72,000இல் நின்றது. முன்பணம் பத்தாயிரம். ரசீதின் பின்பக்கம் மூன்று வரிகளைக் கையால் எழுதச் சொன்னோம்: கம்பெனி வாரண்டி மருமகன் பெயரில் பதிவாகாவிட்டால் பணம் முழுதும் திரும்ப வேண்டும், முதல் உரிமையாளரின் கடன் பதிவு ஆர்சியில் நீங்கியிருக்க வேண்டும், சோதனை அறிக்கை கையெழுத்தோடு இணைக்கப்பட வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாதா என்று மேனேஜர் கேட்டார். நாளைக்கு வம்பு வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் செல்வது எழுத்துதான், புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மூன்று வரிக்கும் கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.